சுவரில் சிரிக்கும் குழந்தையும் மடியில் இருக்கும் குழந்தையும்

வீட்டில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் நாம் செய்கிற முதல் காரியங்களில் ஒன்று, அவள் படுக்கும் அறையில் ஒரு குழந்தைப் படத்தை மாட்டுவது. வெண்ணெய்ப் பானையோடு உட்கார்ந்திருக்கும் கண்ணனாக இருக்கலாம். காலண்டரில் வந்த பால முருகனாக இருக்கலாம். "காலையில கண்ணு முழிச்சதும் இதையே பாரும்மா, இதே மாதிரி அழகாப் பொறக்கும்" என்று மாமியார் அன்போடுதான் சொல்கிறார். அந்தப் பெண்ணும் மாதக்கணக்கில் பார்க்கிறாள். பிறகு பிள்ளை பிறக்கிறது. மாநிறமாக, ஒல்லியாக, அப்பாவின் மூக்கோடு பிறக்கிறது. அப்போது ஆரம்பிக்கிறது வினை.

"படத்தை ஒழுங்காப் பார்த்தியா, இல்லையா?" என்று பச்சை உடம்புக்காரியைக் கேட்கிற வீடுகள் இன்றைக்கும் இருக்கின்றன. கேலியாகத்தான் கேட்பார்கள். ஆனால் பிள்ளை பெற்றவள் மனதில் அது முள்ளாகத் தைத்துவிடும்.

செஞ்சி வட்டாரத்தில் சித்த மருத்துவம் பார்க்கிறவன் நான். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். என்னிடம் வரும் தாய்மார்களில் பலர் சொல்லும் முதல் புகார், "புள்ள இளைச்சே இருக்குங்க ஐயா" என்பதுதான். எதை வைத்து இளைப்பு என்று சொல்கிறீர்கள் என்று கேட்டால் எடையைச் சொல்ல மாட்டார்கள். "பாருங்க, கன்னமே இல்லை" என்பார்கள். கன்னத்துக்கு அளவுகோல் எங்கிருந்து வந்தது? சுவரில் இருந்துதான் வந்தது.

குழந்தைப் படங்களைக் கழற்றி வையுங்கள் என்று சொல்ல வரவில்லை. அவற்றைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஓவியத்தில் இருக்கும் குழந்தை, வரைந்தவரின் ஆசையையும் வாங்கி மாட்டியவரின் ஆசையையும் சொல்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளையின் உடம்பைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

வெண்ணெய்க் கண்ணன் சொல்வது என்ன?

தஞ்சாவூர் ஓவியத்தில் வரும் குழந்தைக் கண்ணனை எடுத்துக்கொள்வோம். பலாப் பலகையில் துணியை ஒட்டி, சுண்ணாம்புத் தூளும் பசையும் கலந்த பூச்சில் நகைகளைப் புடைப்பாக எழுப்பி, தங்க ரேக்கு ஒட்டிச் செய்வது. மராட்டியர் தஞ்சையை ஆண்ட 1676 முதல் 1855 வரையிலான காலத்தில், அதிலும் இரண்டாம் சரபோஜி மன்னர் நாளில், செழித்து வளர்ந்த கலை.

ஒரு வைத்தியன் கண்ணோடு அந்தப் படத்தைப் பாருங்கள். இடுப்பில் மடிப்பு, கையில் மடிப்பு, உருண்டை முகம். இவ்வளவு சதைப்பிடிப்பு ஒரு குழந்தைக்கு எப்போது இருக்கும்? ஒன்பது, பத்து மாதத்தில் இருக்கும். ஆனால் கண்ணன் செய்யும் வேலைகளைப் பாருங்கள். ஒரு கையால் பானையை அணைத்துக்கொண்டு மறு கையில் வெண்ணெய் உருண்டையைப் பிடித்திருக்கிறான். சில படங்களில் ஒற்றைக் காலைத் தூக்கி ஆடுகிறான். இது மூன்று வயதுப் பிள்ளையின் சாமர்த்தியம். பத்து மாதக் குழந்தையின் சதையையும் மூன்று வயதுப் பிள்ளையின் குறும்பையும் ஒரே உடம்பில் சேர்த்து வைத்திருக்கிறார் ஓவியர். கடவுள் என்பதால் அது பொருந்துகிறது. உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாது.

முதல் வயது முடிந்ததும் குழந்தையின் உடம்பில் கொழுப்பு குறையத் தொடங்கும். ஐந்தாறு வயது வரை அது குறைந்துகொண்டே போகும். நடக்கிறது, ஓடுகிறது, உயரம் கூடுகிறது. பிறந்த எடை ஐந்து மாதத்தில் இரண்டு மடங்காகி, ஒரு வயதில் மூன்று மடங்காகும். அதற்குப் பிறகு வருடத்துக்குச் சுமார் 2 கிலோதான் ஏறும். பசியும் முன்போல இருக்காது. இது இயற்கை. ஆனால் சுவரில் இருக்கும் கண்ணன் இளைப்பதே இல்லையே! இரண்டு வயதுப் பிள்ளையை அவனோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, தெரு முழுக்க அலைந்து வாயில் திணிக்கிறோம். பிள்ளை சோற்றைக் கண்டாலே ஓடுகிறது.

அப்படியென்றால் ஓவியர் ஏன் அவ்வளவு சதையைப் போட்டார்? அங்கேதான் படத்தின் உட்பொருள் இருக்கிறது. அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நூறு வருடத்துக்கு முன்புகூட நம் நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 200 குழந்தைகள் முதல் பிறந்த நாளைப் பார்த்ததில்லை. வயிற்றுப்போக்கு, அம்மை, பஞ்சம்... தொட்டில் கட்டாத வீடும் இல்லை, தொட்டிலை அவிழ்த்து வைத்து அழாத வீடும் இல்லை. அந்த நிலையில் சதைப்பிடிப்பான குழந்தை என்றால் 'பிழைத்துக்கொள்ளும் குழந்தை' என்று பொருள். வெண்ணெய்ப் பானை என்றால் பால் வற்றாத வீடு என்று பொருள். கழுத்து நிறையத் தங்கம் என்றால் குறையில்லாத குடும்பம். அந்தப் படம் ஒரு வேண்டுதல். "இப்படி ஒரு பிள்ளை எங்களுக்குத் தங்கட்டும்" என்று பலகையில் எழுதிய பிரார்த்தனை. 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கு 13 குழந்தைகள்தான் முதல் வயதுக்குள் இறந்தன. வேண்டுதல் பெருமளவு பலித்துவிட்டது. ஆனால் வேண்டுதலை அளவுகோலாக்கிவிட்டோம்!

கறுப்பன் வெள்ளையான கதை

இன்னொன்றையும் கவனியுங்கள். கிருஷ்ணன் என்றால் கறுப்பன் என்றுதான் அர்த்தம். ஆனால் தஞ்சாவூர்ப் படங்கள் பலவற்றில் குழந்தைக் கண்ணன் வெள்ளை வெளேரென்று இருக்கிறான். தங்க ரேக்குக்கும் அடர்ந்த நிறத் திரைச்சீலைக்கும் நடுவில் வெளிர் நிறம் எடுப்பாகத் தெரியும். அதற்கு மேல், வெளுப்புதான் அழகு என்ற நம் மனமும் அந்த வண்ணத்தில் கலந்துகொண்டது.

அந்த மனத்தைப் பிடித்துக்கொண்டுதான் குங்குமப்பூ வியாபாரம் நடக்கிறது. தோலின் நிறம் தாய் தகப்பன் வழியில் வருவது. குங்குமப்பூவோ, படமோ அதை மாற்றாது. குங்குமப்பூவுக்குக் கொடுக்கும் பணத்தில் முருங்கைக்கீரையும் முட்டையும் வேர்க்கடலையும் வாங்கிக் கொடுங்கள். சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து, போலிக் அமில மாத்திரையைக் கர்ப்பிணி ஒரு நாளும் விடாமல் சாப்பிடட்டும். சித்த வைத்தியன் இதைச் சொல்கிறானே என்று பார்க்காதீர்கள். ரத்தம் குறைந்த தாய்க்கு எது வேகமாகக் கைகொடுக்குமோ அதைச் சொல்வதுதான் வைத்தியம்.

டப்பாவில் சிரித்த பாப்பா

குழந்தைப் படத்துக்கு எவ்வளவு சக்தி என்பது வியாபாரிகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் பால் பவுடர் டப்பாக்களில் கன்னம் உப்பிய குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். "இந்தப் பவுடர் கொடுத்தால் உன் பிள்ளையும் இப்படி ஆகும்" என்று அது சொல்லாமல் சொல்லும். தாய்ப்பால் ஊறிக்கொண்டிருக்கும்போதே, "எனக்குப் பால் பத்தலை போலிருக்கு" என்று தாய் நினைத்துவிடுவாள்.

1992-ல் இந்திய அரசு தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுப் பொருள்களுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்த டப்பாக்களின் மேல் குழந்தையின் படமோ தாயின் படமோ போடக் கூடாது என்று அதில் தெளிவாக எழுதினார்கள். கடைக்குப் போனால் பாருங்கள், குழந்தைப் பால் பவுடர் டப்பாவில் குழந்தை இருக்காது. ஒரு சிரிப்பைத் தடுக்க ஒரு நாடு சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், அந்தச் சிரிப்பு நம்மை என்ன பாடு படுத்தியிருக்க வேண்டும்!

ஆகவே எந்தக் குழந்தைப் படத்தைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள். 'இந்தக் குழந்தை என்னிடம் என்ன கேட்கிறது?' பூஜை அறைக் கண்ணன் பக்தியைக் கேட்கிறான். டப்பாப் பாப்பா பர்ஸைக் கேட்டது.

அழுகிற படம் ஆகாதா?

"ஐயா, அழுகிற குழந்தை படம் வீட்ல இருந்தா ஆகாதாமே, புள்ளைக்கு சீக்கு வருமாமே?" என்று கேட்பவர்களும் உண்டு. இந்தப் பயம் நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்காதீர்கள். இத்தாலிக்காரர் புரூனோ அமாடியோ என்பவர், ஜியோவான்னி பிராகோலின் என்ற பெயரில் கண்ணீர் வழியும் சிறுவர்களை வரைந்தார். அச்சுப் பிரதிகள் இங்கிலாந்தில் ஏராளமாக விற்றன. 1985-ல் அங்கே 'தி சன்' என்ற நாளிதழ், வீடுகள் எரிந்தாலும் இந்தப் படம் மட்டும் எரியாமல் கிடக்கிறது, இது சாபம் பிடித்த படம் என்று செய்தி போட்டது. படித்தவர்கள் நிறைந்த நாட்டில் ஜனங்கள் பயந்து படங்களை அந்தப் பத்திரிகைக்கே அனுப்பிவைத்தார்கள். மொத்தமாகப் போட்டுக் கொளுத்தினார்கள். பிற்பாடு பி.பி.சி. வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்காகச் சோதித்தபோது விஷயம் விளங்கியது. படம் அச்சடித்திருந்தது கெட்டியான அட்டைப் பலகையில். மேலே பூசியிருந்தது சுலபத்தில் தீப்பிடிக்காத வார்னிஷ். அவ்வளவுதான் சாபம்!

படத்தில் இருக்கும் கண்ணீர் யாருக்கும் சீக்குக் கொண்டுவராது. ஆனால் பார்க்கும்போதெல்லாம் உங்கள் மனது சங்கடப்படுகிறதென்றால் கழற்றி வையுங்கள். கர்ப்பிணியின் மனம் நிம்மதியாக இருப்பது நல்லது. அந்த அளவில் அழகான படத்துக்கும் பலன் உண்டு. அதைத் தாண்டி மூக்கையும் நிறத்தையும் திருத்தும் வேலை அதற்குக் கிடையாது.

அழுகையைக் கண்டு இவ்வளவு பயப்படுகிறோமே, உண்மையில் வைத்தியனைப் பயமுறுத்துவது அழுகிற குழந்தை இல்லை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று பெரியவர்கள் சொன்னது அனுபவம். அழக்கூடத் தெம்பில்லாமல், பால் இழுக்காமல், எழுப்பினாலும் எழாமல் கிடக்கிறதே ஒரு குழந்தை, அதைத்தான் தூக்கிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். படத்தில் வரைந்தால் அது 'சாந்தமான குழந்தை' என்று பெயர் வாங்கிவிடும்.

நடுவில் ஒரு குழந்தை

எங்கள் பக்கத்தில், செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே மண்டகப்பட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து எடுத்த கோயில் அங்கே உண்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் எடுத்த கோயில் என்று கல்வெட்டே சொல்கிறது. மூன்று அறைகளும் இன்றைக்கு வெறுமையாக இருக்கின்றன. போய் நின்று பாருங்கள். வெறும் கல் அறைக்குள் அவரவர் சாமியை அவரவர் பார்த்துக் கும்பிடுவார்கள். இல்லாத இடத்தில்கூட நம் மனது உருவத்தை வைத்துப் பார்க்கும். படம் பார்ப்பதில் பாதி வேலையை நாம்தான் செய்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டாம்.

அந்த மகேந்திரனுக்குச் சித்திரகாரப்புலி என்று ஒரு பட்டம். அவன் வரைந்த குழந்தைப் படம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவன் வம்சத்தில் வந்த ராஜசிம்மன், சுமார் 1,300 வருடத்துக்கு முன் காஞ்சிபுரத்தில் கட்டிய கைலாசநாதர் கோயிலில் ஒரு குழந்தை ஓவியம் மிஞ்சியிருக்கிறது. கோயிலைச் சுற்றியிருக்கும் சிறு மாடங்களில் ஒன்றில் அது இருக்கிறது. மேலே பூசிய சுண்ணாம்புக்குள் மறைந்து கிடந்த அந்தக் கோயில் ஓவியங்களை, 1931-ல் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னார். சோமாஸ்கந்தர் படம் அது. அப்பா சிவன், அம்மா உமை, நடுவில் குழந்தை கந்தன்.

வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்து கோடுகள்தான் பாக்கி. தங்கம் இல்லை, வெண்ணெய் இல்லை. அந்தக் குழந்தை குண்டா ஒல்லியா, கறுப்பா சிவப்பா என்று இன்றைக்கு யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பார்த்தவுடன் மனது நிறைகிறது. என்ன காரணம்? குழந்தை தனியாக இல்லை. ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் அம்மா. காலம் வண்ணத்தைத் தின்றது. இந்த உறவைத் தின்ன முடியவில்லை.

நம் காலண்டர்க் குழந்தைகளோடு ஒப்பிடுங்கள். அவர்களில் பலர் தனியாக உட்கார்ந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கந்தனுக்கு அந்த அவசியம் இல்லை. அவனைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் பக்கத்தில் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், கர்ப்பிணியின் அறையில் மாட்ட இதுதான் பொருத்தமான படம். அதையும் அவள் மட்டும் பார்த்தால் போதாது, புருஷனும் தினம் பார்க்க வேண்டும்! என் அறைக்குள் ஒரு பிள்ளையைத் தூக்கி வந்தால் நான் முதலில் பார்ப்பது, அது யார் மடியில் உட்கார்ந்திருக்கிறது, பயம் வந்தால் யார் பக்கம் திரும்புகிறது என்பதைத்தான். அந்தத் திரும்பல் நன்றாக இருந்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

எட்டில் இரண்டு

சித்த மருத்துவத்தில் நோயறிய எண்வகைத் தேர்வு என்று சொல்வோம். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இந்த எட்டில் ஓவியத்தில் தெரிவது நிறமும் விழியும்தான். அந்த இரண்டும்கூட ஓவியர் கொடுத்தவை. மீதி ஆறும் உங்கள் கையில், காதில், அடுப்படியில், தொட்டிலடியில் இருக்கின்றன.

தொட்டுப் பாருங்கள். ஒரு குழந்தை முகம் உப்பிக் கொழுகொழுவென்று இருக்கும். பாதத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். அது சதை அல்ல, நீர். சத்துக் குறைவிலும் வரும், சிறுநீரகக் கோளாறிலும் வரும். தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். படத்தில் விரல் வைத்து அழுத்த முடியுமா?

கீழ் இமையைத் தாழ்த்திப் பாருங்கள். உள்ளங்கையைப் பாருங்கள், நாக்கைப் பாருங்கள். வெளுத்திருந்தால் ரத்தம் குறைவு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட நம் நாட்டுக் குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை. இதில் குண்டுக் குழந்தைகளும் உண்டு. வெளுப்பை அழகு என்று கொஞ்சுகிற வீட்டில் ரத்தசோகை கண்ணுக்கே தெரியாது.

கண்ணுக்கு மை தீட்டாதீர்கள். ஓவியத்துக் கண்ணுக்கு மை அழகு. பிள்ளையின் கண்ணுக்குக் கடை மையில் ஈயம் கலந்திருக்கக்கூடும், கண்ணில் சீழ் பிடிக்கவும் கூடும். திருஷ்டிக்குத்தான் என்றால் வீட்டில் செய்த மையில் உள்ளங்காலில் ஒரு பொட்டு போதும்.

மொழியைக் கேளுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் பிள்ளை உங்கள் முகம் பார்த்துச் சிரிக்கிறதா? கூப்பிட்டால் திரும்புகிறதா? ஒரு வயதையொட்டி ஏதாவது ஒரு வார்த்தை வருகிறதா? படத்தில் இருக்கும் குழந்தை பிறந்த நாளிலிருந்து சிரிக்கிறது. உங்கள் பிள்ளை உங்களுக்காகச் சிரிக்கக் கற்றுக்கொள்கிறது. எதன் மதிப்பு அதிகம்?

மாட்ட வேண்டிய இன்னொரு படம்

அங்கன்வாடியில் குழந்தைக்கு ஒரு வளர்ச்சி வரைபடம் போடுவார்கள். பச்சை, மஞ்சள் என்று வண்ணப் பட்டைகள் இருக்கும். இதற்கு அடிப்படை உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவுகள். இந்தியா உட்பட ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து தயாரித்தது. மாதா மாதம் எடை போட்டுப் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுப்பார்கள். கோடு பச்சையில் மேலே ஏறிக்கொண்டே போனால் உங்கள் பிள்ளைக்குக் கன்னம் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். கோடு படுத்துவிட்டாலோ, கீழே இறங்கினாலோ கன்னம் உப்பியிருந்தாலும் கவனிக்க வேண்டும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை மேல் கையின் சுற்றளவையும் நாடாவால் அளப்பார்கள். 12.5 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் சரி. 11.5-க்குக் கீழே போனால் கடுமையான சத்துக்குறைவு.

இதுவும் ஒரு குழந்தையின் சித்திரம்தான். கண், மூக்கு இருக்காது. ஆனால் இது உங்கள் பிள்ளையைப் பார்த்து வரைந்தது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அந்தச் சுவர் அவள் உடம்புதான். அவளுக்கு நேரத்துக்குச் சாப்பாடு, போதுமான தூக்கம், மாதாந்திரப் பரிசோதனை, கூட ஒத்தாசைக்கு ஒரு கை. இதெல்லாம் இருந்தால் கண்ணன் படம் எந்தச் சுவரில் தொங்கினாலும் அழகுதான். பிறந்தது கறுப்போ சிவப்போ, குண்டோ ஒல்லியோ, அந்தப் பெண்ணிடம் யாரும் "படத்தைப் பார்த்தியா?" என்று கேட்காதீர்கள். "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேளுங்கள்.